கண்ணாடி கழுவும் தண்ணீர்

மார்ச் 3

நிலையத்தின் வாசலில் இருந்த பலகையை இன்று மாற்றினார்கள். இத்தனை வருடம் ‘அனல் மின் நிலையம்’ என்று இருந்த இடத்தில் ‘பசுமை ஆற்றல் பூங்கா’. பூங்காவாம். ஒரு செடி கிடையாது. பழைய சாம்பல் குட்டையை மூடி, மண் கொட்டி, அதன்மேல் வரிசை வரிசையாகச் சூரியத் தகடுகளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் புகைபோக்கி மட்டும் வேலை இல்லாமல் நிற்கிறது, என்னைப் போல.

நிலக்கரி போக வேண்டியதுதான். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அந்தப் புகையில் என்ன இருந்தது என்று, இப்போது மேடையேறிப் பேசுகிறவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஐம்பத்து மூன்று வயதில் ‘விருப்ப ஓய்வு’ என்று ஒரு தாளை நீட்டினார்களே — யாருடைய விருப்பம்?

நீர் வேதியியல் பிரிவின் தலைவன் நான். கொதிகலனுக்குள் போகும் தண்ணீரில் உப்பின் வாடைகூட இருக்கக் கூடாது; இருந்தால் குழாய்க்குள் பாறையாகப் படியும். ஒரு நாள்கூடப் படியவிட்டதில்லை. கடைசி நாள் என் பிரிவின் வால்வுகளை ஒவ்வொன்றாக என் கையாலேயே மூடினேன். ஒரு புகைப்படம் எடுக்கக்கூட யாரும் வரவில்லை.

பூங்காவுக்கு மேலாளர் யார் தெரியுமா? — யாரைக் கேட்கிறேன்? எனக்குத்தான் தெரியுமே. என்னிடம் பயிற்சிக்கு வந்தவன். கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிடுவான், பாதி தப்பாக இருக்கும். முந்திரிக்கொட்டை என்று நான்தான் பெயர் வைத்தேன். இப்போது என் அறையில், என் நாற்காலியில்.

பலகை விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். “பலகையத்தானே மாத்தினாங்க? அப்படியே உங்க மூஞ்சியையும் மாத்தி விட்டிருந்தா புண்ணியமாப் போயிருக்கும்” என்றாள்.

மார்ச் 9

கடைத்தெருவில் தம்பியின் மனைவியைப் பார்த்தேன். பார்க்காதது போலத் திரும்பினேன். விடவில்லை. “மாமா!” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு கூப்பாடு.

கழுத்தில் அடையாள அட்டை. பூங்காவில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

“கண்ணாடி கழுவற வேலை மாமா. விடியறதுக்கு முன்னாடி போயி, வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சிடணும். உங்க தம்பி வீட்டுல உக்காந்திருக்காரு, நான் சம்பாதிக்கப் போறேன். இனிமே எங்க வீட்டுல ஆம்பளை நான்தான்!”

தானே சொல்லித் தானே சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு தடவ வந்து பாருங்க மாமா. அவரு உங்களக் கேட்டுக்கிட்டே இருக்காரு” என்றாள்.

கேட்டிருக்க மாட்டான். இவளாகச் சேர்த்துச் சொல்கிறாள்.

தம்பி அதே நிலையத்தில்தான் சாம்பல் பிரிவில் வேலை பார்த்தான். என்னைப் போல நிரந்தர ஊழியன் அல்ல, கான்ட்ராக்டரின் ஆள். மூடும்போது எங்களுக்கு ஈட்டுத்தொகை, மறுபயிற்சி, குடியிருப்பில் இன்னும் ஒரு வருடம் இருந்துகொள்ளலாம் என்ற தயவு. சாம்பல் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் ‘நிலையத்தின் ஊழியர்கள்’ இல்லையாம். நிலையத்தின் சாம்பல் மட்டும் அவர்கள் நெஞ்சுக்குள் இருக்கலாம். வாசலில் உட்கார்ந்து பல நாள் கத்திய பிறகு, வீட்டுக்கு ஒரு பெண்ணுக்குத் தகடு கழுவும் வேலை என்று முடித்தார்கள். அதுவும் கான்ட்ராக்டர் மூலமாகத்தான்.

அநியாயம். சந்தேகமே இல்லை. ஆனால் அவனுக்காக நான் வருத்தப்பட வேண்டிய அவசியம் இல்லை.

மார்ச் 10

ஏன் அவசியம் இல்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

அம்மா இறந்த அன்று, தூக்குவதற்கு முன்னால், அத்தனை சொந்தக்காரர்களின் நடுவில் நின்று சொன்னான்: “அண்ணன் படிக்கணும்னு என்னைப் பாதியில நிறுத்தினாங்க. அவன் படிச்சதுல இந்த வீட்டுக்கு என்ன வந்துச்சு? கேளுங்க.”

என்ன வந்ததா? அந்தச் சாம்பல் பிரிவு வேலையை யாரிடம் பல்லைக் காட்டி வாங்கிக் கொடுத்தேன்? ஒன்பது வருடமாகிறது. நான் அவன் வீட்டுப் படி ஏறவில்லை.

மார்ச் 22

தண்ணீரைச் சுத்திகரிக்கும் என் டி.எம். பிளான்ட்டை இன்று பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். போய்ப் பார்த்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. பிணத்தைப் பார்க்கப் போவது போல. உப்பு எடுக்கும் அந்த உயரமான தொட்டிகளை வெட்டி, லாரியில் ஏற்றி, கயிற்றால் கட்டினார்கள்.

அங்கேதான் இன்னொன்றையும் பார்த்தேன். தகடு கழுவுவதற்கு ஒரு புதுத் தொட்டி. அதற்கு வரும் குழாய் எங்கிருந்து வருகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போனேன். சாம்பல் குட்டைக்குப் பக்கத்து ஆழ்துளைக் கிணறு.

அந்தக் கிணற்றை எனக்குத் தெரியாதா? வருடாவருடம் சோதித்து வந்தவன். சுண்ணாம்பும் சிலிக்காவும் கொட்டிக் கிடக்கும் தண்ணீர். ஆய்வகத்தின் தரையைத் துடைக்கக்கூட நான் விட்டதில்லை. அதைக் கொண்டுபோய்த் தினமும் கண்ணாடியில் ஊற்றி, வெயிலில் காயவிட்டால் என்ன ஆகும்? வெள்ளையாகப் படியும். படிந்தது வெந்து கண்ணாடியோடு கண்ணாடியாகிவிடும். பிறகு எந்தத் துணியாலும் எடுக்க முடியாது. பிரித்து லாரியில் ஏற்றுகிறார்களே, அந்தத் தொட்டிகளில் ஒன்றை விட்டுவைத்தால் போதும்.

உள்ளே போய்ச் சொல்லலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். முந்திரிக்கொட்டையின் கார் வந்தது. கண்ணாடியைப் பாதி இறக்கினான்.

“என்ன சார், பழைய ஞாபகமா? வெயில்ல நிக்காதீங்க. வீட்டுல ஜாலியா ரெஸ்ட் எடுங்க சார்.”

கண்ணாடி ஏறிவிட்டது.

திரும்பி வந்துவிட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கட்டும், சொல்கிறேன்.

மார்ச் 23

கேட்கவில்லை.

ஏப்ரல் 18

மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் தம்பி வீட்டுக்குப் போனோம். “உங்க கோவத்துக்கு வயசாயிடுச்சு, அதையும் ரிட்டையர் பண்ணி அனுப்புங்க” என்றாள் வழியெல்லாம்.

குட்டைக்கு அந்தப் பக்கம் ஒரே மாதிரி தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். உள்ளே நுழைந்ததும் ஒரு மெஷினின் சத்தம், யாரோ பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுவது போல. மூச்சுக் காற்றைக் கூட்டிக் கொடுக்கும் மெஷின். அதன் குழாய் அவன் மூக்கில். என்னைவிட நான்கு வயது சிறியவன். அப்பாவைப் போல இருந்தான், அப்பாவின் கடைசி வருடத்தைப் போல.

“வா அண்ணே. வழி தெரிஞ்சுதா?”

“கேட்டுக்கிட்டு வந்தேன்.”

“உன் ஆபீஸ் ஜன்னல்லேர்ந்து எட்டிப் பாத்தாலே தெரியுமே எங்க வீடு.”

குத்தலா, சாதாரணமாகச் சொன்னதா? அவனிடம் எப்போதுமே பிரித்துச் சொல்ல முடியாது.

மெஷின் வாடகைக்கு எடுத்ததாம். தம்பி மனைவி தகடு கழுவுகிற சம்பளம் அதற்குத்தான் போகிறது. “இவ கழுவினாத்தான் எனக்கு மூச்சு” என்று அவன் சொன்னான். அவள், “ஆமா, இல்லன்னா மட்டும் இவரு ஓடிப் போயி கபடி ஆடுவாரு” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எங்களுக்கு இடம் இல்லை, இருந்தாலும் உட்கார்ந்திருந்தோம்.

டீ கொடுத்தாள். மேலே ஏதோ ஆடை போல மிதந்தது, நாக்கில் ஒரு கரகரப்பு. கோப்பையைச் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது. பாதியில் வைத்துவிட்டேன்.

மே 6

இப்போது வாரம் ஒரு தடவை போகிறேன். சும்மாதான். அவனும் நானும் அதிகம் பேசுவதில்லை. ரேடியோ கேட்கிறோம். இன்று, “அண்ணே, உன் தலையில முடியே இல்லையே, எப்ப போச்சு?” என்றான். “நீ பேசாம இருந்த ஒன்பது வருஷத்துல” என்றேன். “அப்ப நான் பேசியிருந்தா இருந்திருக்குமா? தப்புப் பண்ணிட்டனே” என்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன். எதிரில் வந்த யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

மே 19

தம்பி மனைவி தன் வேலையைப் பற்றிச் சொன்னால் நிறுத்தமாட்டாள். எந்தத் துணியால் துடைக்க வேண்டும், எந்தப் பக்கமிருந்து தண்ணீர் விட வேண்டும், எப்படி ஒரு கோடு விழாமல் இழுக்க வேண்டும். “என் வரிசையில முகம் பாத்துப் பொட்டு வெச்சுக்கலாம் மாமா. மேஸ்திரியே சொல்லிட்டாரு.”

தலையை ஆட்டினேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன? அவளா கிணற்றை மாற்றப் போகிறாள்? இன்னும் கொஞ்ச நாளில் தகடுகள் வெளுக்கும். மின்சாரம் குறையும். முந்திரிக்கொட்டை வருவான். வந்து என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “சார், ஒரு சந்தேகம்” என்பான். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் காத்திருக்கிறேன். அப்படி எழுதிப் பார்த்தால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது. இருக்கட்டும். என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

ஜூன் 11

வெளுத்துவிட்டது. சாலையிலிருந்தே தெரிகிறது. வெயில் சாயும்போது பார்த்தால் வரிசை முழுவதும் கண்புரை விழுந்த கண்கள் மாதிரி.

சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டேன். மனைவி, “யாரு வராங்க? பொண்ணு பாக்கவா?” என்றாள்.

ஜூன் 20

அவன் வரவில்லை. பெண்களை நிறுத்திவிட்டார்கள்.

எல்லாரையும். கேட்டில் கார்டைப் பிடுங்கிக்கொண்டு, உள்ளே விடாமல். பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்த்துத் தகடுகளைப் பாழாக்கிவிட்டார்களாம். ஒழுங்காக அலசாமல் சோப்பை அப்படியே விட்டார்களாம். அக்கம்பக்கத்தில் வேறு மூன்று பூங்கா வருகிறது. அங்கெல்லாம் சொல்லிவிட்டார்களாம், இந்த வரிசை வீட்டு ஆட்களை எடுக்க வேண்டாம் என்று.

தம்பி மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னாள். உள்ளே வரவில்லை. “நாராம் மாமா. நாரால தேச்சோமாம். நான் என் புடவைத் தலைப்பால துடைச்சிருக்கேன் மாமா, துணி பத்தலன்னு. நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க, ஏன் வெளுத்துச்சு அது?”

என்னைக் கேட்டுவிட்டாள்.

தெரியலைம்மா, பாக்கறேன் — இதுதான் நான் சொன்னது. தெரியலையாம்! ஐயோ. எனக்கா தெரியாது? எனக்கு மட்டும்தானேடா தெரியும்.

ஜூன் 21

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

ஜூன் 23

தம்பியிடம் சொல்லிவிட்டேன். தண்ணீர்தான் காரணம் என்று. மார்ச் மாதமே பார்த்தேன் என்று.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“அப்ப உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“என்னை யாரும் கேக்கல.”

சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நான் முதுகைத் தடவப் போனபோது கையைத் தட்டிவிட்டான். சமையல் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“அந்தக் கம்பெனிக்காரன் உன்னைக் கேக்கல, சரி. அவ கழுவப் போறேன்னு உன்கிட்டதானேண்ணே வந்து சொன்னா? கடைத்தெருவுல. மொத ஆளா உன்கிட்டதான் சொன்னேன்னு வீட்டுக்கு வந்து பெருமையாச் சொன்னா.”

பிறகு அவனே சொன்னான்: “போய் சொல்லு. வேலை போனா போவுது. நார் போட்டுத் தேச்சாங்கற பேரு மட்டும் வேண்டாம். அவ வீட்டுப் பாத்திரத்தையே அப்படித் தேய்க்க மாட்டா.”

கிளம்பும்போது அவள் வெளியே வரவில்லை.

ஜூன் 25

முந்திரிக்கொட்டையைப் பார்த்தேன். என் பழைய அறை. சுவரின் நிறத்தை மாற்றியிருக்கிறான்.

“வாங்க சார், காபி சொல்லவா?”

நான் ஆரம்பித்தேன். “அந்தக் கிணத்துத் தண்ணியில —”

“சிலிக்காதானே சார்? நாங்களும் சந்தேகப்பட்டோம்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் முந்திச் சொன்ன பதில் சரியாக இருந்தது.

“அப்புறம் ஏம்ப்பா அந்தப் பொம்பளைங்களை நிறுத்தினே?”

“நாங்க யாரையும் நிறுத்தலையே சார். அவங்க கான்ட்ராக்டர் ஆளுங்க. அவருதான் நிறுத்தியிருப்பாரு.”

“நாரால தேச்சாங்கன்னு சொன்னது?”

“அது அவரோட ஊகமா இருக்கும்.”

“ஊகமா? அப்ப தப்புன்னு அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லு.”

“நாங்க குத்தமே சொல்லலையே சார், எதை வாபஸ் வாங்கறது?” பிறகு மேசைக்கு மேல் சாய்ந்து, அன்பாக, உண்மையிலேயே அன்பாகத்தான், சொன்னான்: “நீங்க வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு சார். தண்ணியே வேண்டாம், உலர் பிரஷ் மெஷின் வாங்கிடலாம்னு நான் மேலிடத்துல சொல்லிட்டே இருக்கேன். இனிமே உங்க பேரைச் சொல்லியே அனுமதி வாங்கிடுவேன். ஆனா ஒண்ணு சார் — முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்க டி.எம். பிளான்ட்டை வித்திருக்கவே மாட்டோமே.”

கிண்டல் செய்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவன் கிண்டல் செய்யவில்லை.

அங்கிருந்து நேராகக் கான்ட்ராக்டரிடம் போனேன். “கம்பெனி சொல்லாம நான் ஏன் சார் நிறுத்தறேன்?” என்றார். யாருமே நிறுத்தவில்லை. ஆனால் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

ஜூன் 28

யாரும் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. நானே போய்ச் சொல்லிவிடுவது என்று இன்று வரிசை வீடுகளுக்குப் போனேன். ஆய்வகம் மூடியபோது வீட்டுக்கு எடுத்து வந்த சின்ன மீட்டர் ஒன்று உண்டு, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது. காட்டிப் புரியவைக்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். தம்பி மனைவியும் இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் குடத்தைப் பார்த்தாள். நான் பேசினேன். உங்கள் மேல் தப்பே இல்லை, கிணற்றுத் தண்ணீர்தான் கண்ணாடியைக் கெடுத்தது, எனக்கு முன்னமே தெரியும், நான் சொல்லவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்தேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். எதையாவது தூக்கி அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன்.

திட்டவில்லை. ஒரு பெண், அவர்களுக்குள் குழுத் தலைவியாக இருந்தவள், குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“எந்தக் கிணறு சார்? குட்டைப் பக்கத்துல இருக்கறதா?”

“ஆமா.”

“கண்ணாடியே கெட்டுப்போவுதா அதுல?”

“ஆமாம்மா.”

“அதைத்தானே சார் நாங்க குடிக்கறோம்.”

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. நிலையத்திலிருந்து சுத்தம் செய்த தண்ணீர் குழாயில் வருமே என்றேன்.

“அது நிலையம் மூடின அன்னிக்கே நின்னு போச்சே! அப்புறம் கிணத்துக் குழாயை இதுல கோத்து விட்டுட்டாங்க.”

கடைசி நாள். வால்வுகள். ஒவ்வொன்றாக என் கையால் மூடினேன் என்று பெருமையாக இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றின் மேல் ‘வெளி இணைப்பு’ என்று இருந்தது. எந்த வெளி என்று நான் யாரையும் கேட்கவில்லை. சுற்றினேன், இறுகியது, அடுத்ததற்குப் போனேன்.

மீட்டரைக் குடத்தில் விட்டேன். எண் ஏறிக்கொண்டே போனது. அவர்கள் எல்லாரும் அதையே பார்த்தார்கள், ஏறினால் நல்லதா இறங்கினால் நல்லதா என்று தெரியாமல். ஒருத்தி, “பரவால்லையா சார்?” என்று கேட்டாள்.

அந்த டீ. ஆடை மிதந்ததே, நாக்கில் கரகரத்ததே. தண்ணீரைத் தவிர வேறு எதையும் பார்க்காதவன் நான். கோப்பை கழுவவில்லை என்று எழுதினேன்.

ஜூன் 30

மார்ச் மாதத்திலிருந்து அந்தத் தண்ணீரைப் பற்றி எவ்வளவு நினைத்திருக்கிறேன்! கண்ணாடிக்கு என்ன ஆகும், மின்சாரம் எவ்வளவு குறையும், முந்திரிக்கொட்டையின் முகம் எப்படிப் போகும். ஒரே ஒரு தடவைகூட, அதைக் குடித்தால் — ஒரு தடவைகூட இல்லை.

ஜூலை 12

ஊர் நிர்வாக அலுவலகத்தில் சொன்னார்கள்: அது கம்பெனி நிலம், கம்பெனியைக் கேளுங்கள். கம்பெனியில் சொன்னார்கள்: குடிநீர் எங்கள் வேலை அல்ல. முன்பாவது தகடு கழுவ நல்ல தண்ணீர் தேவை என்று ஒரு காரணம் இருந்தது; அந்தச் சாக்கில் ஒரு குழாயை வரிசை வீடுகளுக்கும் இழுத்திருக்கலாம். இப்போது உலர் பிரஷ் மெஷின் வந்துவிட்டது. அதற்குத் தண்ணீரே வேண்டாம்.

வேலியோரம் நின்று அந்தப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். நீளமான பிரஷ் ஒன்று வரிசையின் மேல் தானாகவே போய்த் தானாகவே திரும்பி வருகிறது. “நல்லாத்தான் துடைக்குது” என்றாள் குழுத் தலைவி. அதில் பொறாமைகூட இல்லை.

எங்கள் குடியிருப்புக்குத் தனியாக வரும் நல்ல தண்ணீரை நானும் மனைவியும் கேன்களில் பிடித்து ஸ்கூட்டரில் கொண்டுபோகிறோம். எத்தனை வீட்டுக்குப் போதும்? கைக்குழந்தை இருக்கிற வீடு, பிறகு தம்பி வீடு. குடியிருப்புச் செயலாளர் வந்து, “பொதுத் தண்ணிய வெளிய கொண்டுபோகக் கூடாது சார்” என்றார். மனைவி வெளியே வந்து, “நாங்க அதிகமாக் குளிக்கறோம்னு நெனச்சுக்குங்க. இவரு அழுக்கு லேசுல போவாது” என்றாள். அவர் போய்விட்டார்.

ஜூலை 27

தம்பியின் மூச்சு மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் வாடகை கட்டுகிறேன் என்றேன். தம்பி மனைவி, “வேணாம் மாமா” என்றாள். முன்பெல்லாம் எவ்வளவு பேசுவாள்.

ஆகஸ்ட் 8

கிளம்பிவிட்டார்கள். அவளுடைய அக்கா இருக்கும் ஊருக்கு. அங்கே துணி மடித்து அடுக்கும் வேலை இருக்கிறதாம். அரசு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே, மூச்சுக்குக் காற்று அங்கே கொடுப்பார்களாம். பேர் கெட்ட ஊரில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

பஸ்ஸில் அவனைத் தூக்கித்தான் உட்கார வைத்தேன். எடையே இல்லை. சின்ன வயதில் இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தபோது கனத்தான்.

“அண்ணே, ஜன்னலோர சீட்டுக்கு நம்ம ரெண்டு பேரும் அடிச்சுக்குவோமே. இப்ப பாரு, நீயே தூக்கி வெக்கற.”

“உனக்கு எப்பவும் அதான் கிடைக்கும். அம்மா செல்லம்.”

“ஆனா பள்ளிக்கூடம் உனக்கு” என்றான். பஸ் கிளம்பிவிட்டது.

அம்மா முன்னால் சொன்ன சொல்லுக்கு அவன் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுவிடுவானோ என்று இன்று பயமாக இருந்தது.

செப்டம்பர் 2

தம்பி போன் செய்தான். குரல் துண்டு துண்டாக வந்தது.

“அண்ணே, இங்க தண்ணி ஒரு மாதிரி இருக்கு. கை கழுவினா வழுவழுங்குது, சோப்பு போக மாட்டேங்குது. நுரையா தள்ளுது. குடிக்கலாமா? அவ பயப்படறா.”

“அங்க கிணறா, குழாயா?”

“குழாய்தான். ஒரு பாட்டில்ல புடிச்சு வெக்கறேன். பாத்துச் சொல்றியா?”

சொல்கிறேன் என்றேன். என்றேனா? அவன், “அலோ, அலோ, கேக்குதா?” என்று கத்திக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 9

தம்பி போய்விட்டான். காலையில்.

செப்டம்பர் 11

டாக்டரிடம் கேட்டேன். நுரையீரல், பழைய சாம்பல் என்றார். தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டா என்றேன். சொல்ல முடியாது என்றார். ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. ‘ஆமாம்’ என்றும் சொல்லவில்லை. இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் நான் அவரை நம்பியிருக்க மாட்டேன்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது தம்பி மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தந்தாள். வாய் வரை தண்ணீர், மூடியின் மேல் இறுக்கமாகத் துணி சுற்றியிருந்தது. “உங்களுக்குன்னு புடிச்சு வெச்சாரு. கொட்டிடாதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

செப்டம்பர் 13

இன்று பாட்டிலைத் திறந்தேன். கண்ணாடிக் கிண்ணத்தை மூன்று தடவை கழுவினேன். மீட்டரை வைத்தேன். சோதனைச் சொட்டுகளை விட்டு, நிறம் மாறும்வரை எண்ணினேன். நம்பாமல் இரண்டாம் முறையும் செய்தேன். ஒரு துளியைக் கரண்டியில் விட்டு அடுப்பில் காட்டினேன். ஆவியாகிப் போனது, கரண்டியில் ஒரு தடமும் இல்லை.

மீதியை ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தேன்.

சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன்.

“தண்ணி நல்லாருக்கும்மா. ரொம்ப நல்லாருக்கு. வழுவழுங்கறது உப்பு இல்லாததால. பயப்படாம நீ குடி.”

“சரி மாமா” என்றாள்.